காத்திராத கால் மணி நேரம்

முதலில் அநியாயம் செய்தது அய்யாத்துரைதான். மற்றவர்கள் எல்லாம் பின்னால் வந்து சேர்ந்தவர்கள். மில் மேஸ்திரி, பக்கத்து வீட்டுக்காரர், ரேஷன் கடையில் எடை போடுகிறவன், பேசும்போதே கடிகாரத்தைப் பார்க்கிற மருமகன், எல்லாரும் வரிசையில் பின்னால்தான். முன்னால் நிற்பவன் தங்கச்சி புருஷன் அய்யாத்துரை. பூவலிங்கம் இதை நினைத்துக்கொண்டிருக்கும்போதே இடது கையில் சுற்றியிருந்த பிரஷர் பட்டை உறுமிக்கொண்டு இறுகத் தொடங்கியது. அவர் கையைத் தொங்கப்போட்டு வாயை மூடிக்கொண்டார். இறுகும்போது பேசக் கூடாது, அசையக் கூடாது, மனசை லேசாக வைத்துக்கொள்ள வேண்டும் என்று காலையில் ஆஸ்பத்திரியில் இதைக் கட்டிவிட்ட நர்ஸம்மா சொல்லியிருந்தாள். தோளில் தொங்கும் சின்னப் பெட்டியின் முகத்தில் எண் தெரியும் இடத்தை பிளாஸ்திரி போட்டு ஒட்டிவிட்டாள். "பாத்தீங்கன்னா பயந்து இன்னும் ஏறும், தாத்தா." தாத்தாவாம். அவளுக்கு மூத்த மகள் இருந்தால் காலேஜில் படிப்பாள், அவளுக்கு இவர் தாத்தாவாம். பட்டை இன்னும் இறுகியது. விரல் நுனிகள் கனத்தன. லேசாக, லேசாக. எதை நினைத்தால் மனசு லேசாகும்? பிடித்து வைத்திருந்த கையை யாரோ மெல்ல விடுவதுபோல் பட்டை மூச்சு விட்டு மூச்சு விட்டுத் தளர்ந்தது. எவ்வளவு காட்டியிருக்குமோ. அய்யாத்துரையை நினைத்த நேரம் பார்த்தா பிடிக்க வேண்டும். அதிலும் கூட அவன்தான் கெடுத்தான்.

அரை மணிக்கு ஒரு தடவை இப்படி. நாளைக் காலை வரைக்கும். ஜன்னலோரம் பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்து, அடிவயிற்றின் வலப்பக்கம் ஒரு கையை வைத்து அழுத்திக்கொண்டார். குடல் இறங்கியிருக்கிறது. இருமினால் எலுமிச்சம்பழம் அளவுக்குப் புடைத்துக்கொண்டு வரும், படுத்தால் உள்ளே போகும். இப்போதெல்லாம் படுத்தாலும் முழுசாகப் போவதில்லை. இரண்டு தடவை ஆபரேஷனுக்குப் பச்சைச் சட்டை மாட்டி, படுக்க வைத்து, பிரஷர் பார்த்து, ஏறியிருக்கிறது என்று எழுப்பி வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். மூன்றாவது தடவை அந்தச் சின்ன வயசு டாக்டரம்மா, "ஒரு நாள் முழுக்க மிஷின் கட்டிப் பார்ப்போம். வீட்டில சரியா இருந்தா திங்கக்கிழமை ஆபரேஷன். இல்லைன்னா மாத்திரையை மாத்திட்டு இன்னும் ரெண்டு மாசம் பொறுக்கணும். அதுக்குள்ள குடல் மாட்டிக்கிட்டா ஆபத்து, ஐயா" என்றாள். மாட்டிக்கொள்வது என்றால் என்ன என்று இவருக்கு யாரும் சொல்ல வேண்டியதில்லை. மில்லில் கூட வேலை பார்த்த இருளப்பனுக்கு மாட்டிக்கொண்டது. சாயங்காலம் வயிற்றைப் பிடித்துக்கொண்டு ஆட்டோவில் ஏறியவன், மதுரை போய்ச் சேர்வதற்குள் முகம் நீலம் பாரித்துப்போனான். நல்ல மனுஷன். வெற்றிலைக்கு சுண்ணாம்பு கேட்டால் மட்டும் தரமாட்டான். பார், செத்துப்போனவனிடமும் ஒரு குறை. டாக்டரம்மா அதையும் கேட்டாளே. "வீட்டில எப்படி இருப்பாரு?" என்று குருவம்மாளைப் பார்த்துக் கேட்டாள். பொண்டாட்டி என்றால் புருஷனை விட்டுக்கொடுக்காமல் பேச வேண்டாமா? "பொழுது விடிஞ்சா குறை, அடைஞ்சா குறை, டாக்டர். சாம்பார்ல உப்புன்னு ஆரம்பிச்சா கவுர்மெண்டு வரைக்கும் போகும். தூக்கத்துலயும் பல்லை நறநறன்னு கடிக்காரு" என்று கொட்டிவிட்டாள். டாக்டரம்மா சிரித்தாள். பிறகு சிரிப்பை நிறுத்தி, "யார் மேல கோபம்னு உங்க உடம்புக்குத் தெரியாதுய்யா. கோபம்னு மட்டும்தான் தெரியும். அவுங்க இங்க இல்ல, உங்க ரத்தக்குழாய்தான் இங்க இருக்கு" என்றாள். படித்த பிள்ளை, சொல்லிவிட்டாள். கோபத்தை எங்கே இறக்கி வைப்பது என்று மட்டும் சொல்லவில்லை. அதற்கு ஒரு மாத்திரை எழுதியிருக்கலாம்.

நல்லதாக நினைக்க வேண்டும். சரி, மழை. சித்திரை முடிந்து வரும் முதல் மழை, கரிசல் மண் வாசனை, மில் விட்டு வெளியே வரும்போது தலையில் ஒட்டியிருந்த பஞ்சுத்தூசியெல்லாம் நனைந்து நெற்றியில் வழியும். நல்ல மழை. தெருவே ஓடும். ஓடி எங்கே வரும்? பக்கத்து வீட்டுக்காரர் வாசலை உயர்த்திக் கட்டிவிட்டாரே, அவர் வாசல் தண்ணீரெல்லாம் இங்கேதான் வரும். கேட்டால், "நீங்களும் உயர்த்துங்க, யார் வேண்டாம்னா?" என்கிறார். மழை வேண்டாம். சாமி. கழுகுமலை முருகன், மலையைக் குடைந்த குளிர்ச்சி, எண்ணெய் விளக்கு. போன தைப்பூசத்தில் இரண்டு மணி நேரம் வரிசையில் நின்று, கிட்டே போகும்போது ஒரு வெள்ளைச் சட்டைக்காரனை பக்கத்து வழியாக உள்ளே விட்டார்கள். சாமியும் அதைப் பார்த்துக்கொண்டுதான் இருந்தது. சாமியும் வேண்டாம். சாப்பாடு. பரோட்டா, பிய்த்துப்போட்டு சால்னா ஊற்றினால், முந்தின நாள் சால்னாவைச் சூடு பண்ணி ஊற்றினானே அந்தப் பாவி. எந்த வழியாகப் போனாலும் வழியில் ஒருத்தன் நிற்கிறான். இவராகவா கொண்டுபோய் நிறுத்துகிறார்? அவர்கள்தானே வந்து நிற்கிறார்கள். தாடை வலித்தது. பல்லைக் கடித்துக்கொண்டிருப்பது அப்போதுதான் தெரிந்தது. விட்டார். விட்டதும் மறுபடி தானாகக் கடித்துக்கொண்டது. மகளை நினைக்கலாம். அவளை நினைத்தால் ஒரு குறையும் கிடையாது. ஓசூரில் இருக்கிறாள், கம்பெனி வேலை, வீட்டுக்காரனும் நல்லவன்தான், கடிகாரத்தைப் பார்ப்பதைத் தவிர. ஞாயிற்றுக்கிழமை போன் வரும். முதலில் இவருக்குத்தான் வரும். ஒரு நாள் இவர் போனை எடுத்ததும், தண்ணீர் வராததைச் சொல்லி, மாத்திரை கசப்பைச் சொல்லி, அவள் அம்மா மிளகாயை அள்ளிப்போடுவதைச் சொல்லி முடித்தபோது அந்தப் பக்கம் சத்தமே இல்லை. "இருக்கியாம்மா?" "இருக்கேம்ப்பா. எனக்கு வேலை உயர்வு கிடைச்சிருக்கு, அதைச் சொல்லத்தான் கூப்பிட்டேன். அப்புறம் பேசுறேன்" என்று வைத்துவிட்டாள். அதிலிருந்து போன் குருவம்மாளுக்கு வருகிறது. இவரிடம் கடைசியில் ஒரு நிமிஷம் கொடுப்பார்கள், "நல்லா இருக்கீங்களாப்பா?" "இருக்கேன்." அவ்வளவுதான். நல்லதை வந்து சொல்ல ஆள் இல்லாத மனுஷனாகிவிட்டார். டீக்கடையிலும் அப்படித்தான். இவர் பெஞ்சில் உட்கார்ந்தால், மற்றவர்கள் டீயை ஊதாமலேயே குடித்து முடித்துவிடுகிறார்கள். வாய் வேகுமே என்று நினைத்திருக்கிறார். தன்னால்தான் என்று தெரிந்தும் நினைத்திருக்கிறார்.

குருவம்மாள் கூடத்தைக் கூட்டினாள். காலையில் ஒரு தடவை கூட்டினாளே. கட்டிலுக்குப் புது விரிப்பு போட்டாள். அடுப்படியில் பால் பொங்கும் வாசனை. "யாரு வாறா?" என்றார். "யாரு வருவா? சும்மா கெடங்க" என்றாள், முகத்தைப் பார்க்காமல். இத்தனை வருஷமாக இவள் முகத்தைப் பார்க்காமல் சொன்னதெல்லாம் பொய். நேற்று மாலை மாடிப்படியில் நின்று போனில் தாழ்ந்த குரலில் பேசியது இப்போது நினைவுக்கு வந்தது. தங்கச்சி சண்முகத்தாயிடம்தான் பேசியிருக்கிறாள். அவளிடம் தாழ்ந்த குரலில் பேச அய்யாத்துரையைத் தவிர வேறு என்ன இருக்கிறது? பட்டை உறுமியது. கையைத் தொங்கப்போட்டார். கண்ணை மூடிக்கொண்டால் நேராக அங்கேதான் போய் விழுந்தார், நள்ளிக்குப் பாதை பிரியும் விலக்கில், வெயிலில் நிற்கும் பஸ்ஸின் நிழலில். முப்பது வருஷத்துக்கு மேலாகிறது. சண்முகத்தாயின் தலைப்பிள்ளை முத்துமாலைக்குக் காது குத்து. ராத்திரி ஷிப்டு முடித்து, குளிக்கக் கூட நேரமில்லாமல் முகத்தை மட்டும் கழுவிக்கொண்டு பஸ் ஏறினார். குருவம்மாள் அப்போது புதுப்பெண், மடியில் சீர்த்தட்டு: பட்டுப்பாவாடை, பழம், பூ, மஞ்சள் தாளில் மடித்த தோடு. தாய்மாமன் மடியில் உட்கார வைத்துத்தான் குத்த வேண்டும். இது யாருக்கும் சொல்லிக்கொடுக்க வேண்டிய விஷயமா? பஸ் நள்ளி விலக்கில் பழுதாகி நின்றுவிட்டது. அடுத்த பஸ் பிடித்து, இறங்கி, வாய்க்கால் கரையில் தட்டோடு ஓடி, கோயில் வாசலை மிதிக்கும்போது பிள்ளை வீறிட்டு அழுகிற சத்தம் கேட்டது. அந்தச் சத்தத்துக்கே புரிந்துவிட்டது. உள்ளே, மொட்டைத்தலையில் சந்தனம் பூசிய பிள்ளை, சைக்கிள் கடை சந்தனராஜ் மடியில். சித்தப்பா மகன்தான், அவனும் ஒரு வகையில் மாமன்தான், இல்லை என்று சொல்லவில்லை. ஆனால் கூடப்பிறந்தவன் குத்துக்கல் மாதிரி இருக்கும்போது? ஆசாரி ஊசியைத் துடைத்துப் பையில் வைத்துக்கொண்டிருந்தார். அய்யாத்துரை திரும்பிப் பார்த்தான். "வாங்க மச்சான், சாப்பிடுங்க. பந்தி முடியப் போகுது" என்றான். அவ்வளவுதான். நேரமாயிட்டு என்றோ, நல்ல நேரம் தப்பிடும்னு பெரியவுக சொன்னாக என்றோ, கால் மணி நேரம் பாத்திருக்கலாம் மச்சான், தப்புதான் என்றோ, ஒரு வார்த்தை இல்லை. பந்தி முடியப் போகுதாம். பசிக்கா ஓடிவந்தார்?

பட்டை விட்டது. இவருக்கு விடவில்லை. அன்றைக்கே கேட்டிருக்கலாம். எப்படிக் கேட்பது? பெண் கொடுத்த வீடு. மாப்பிள்ளையிடம் முகம் கோணினால் தங்கச்சி அங்கே இருந்து சாப்பிட வேண்டும். இலையில் உட்கார்ந்து, பிசைந்து, விழுங்கினார். பாயசத்தில் இனிப்பு போதவில்லை என்றார், பக்கத்து இலைக்காரரிடம். அதுதான் முதல் குறை. அன்றைக்கு அதுதான் வாயில் வந்தது. அதற்கப்புறம் மனசுக்குள் அய்யாத்துரையை அவன் என்றும், வாய்க்கு வெளியே நீங்க மாப்ள என்றும் ஓட்டி வந்திருக்கிறார். தீபாவளிக்கு வேட்டி எடுத்துக் கொடுத்திருக்கிறார். அவன் வீட்டுத் திண்டாட்டத்துக்கெல்லாம் முன்னால் நின்றிருக்கிறார். ஒவ்வொரு தடவையும், இப்போது சொல்வான், இப்போது சொல்வான் என்று காத்திருப்பார். அவன் வெள்ளாமை பற்றிப் பேசுவான். இவர் வீடு திரும்பும் வழியெல்லாம் கண்டக்டரிடம் சண்டை பிடிப்பார். வயிறு எரியும். மறுநாள் மோர்தான் இறங்கும். அசதியாக இருந்தது. இத்தனை வருஷம் ஒரே சுமையை ஒரே தோளில் வைத்திருந்தால் தோள் அதற்கேற்ற மாதிரி வளைந்துபோகும். இறக்கினாலும் நிமிராது. நிமிருமா என்று இறக்கிப் பார்த்தால்தானே தெரியும்? திங்கட்கிழமை. குடல் மாட்டிக்கொள்ளாமல் திங்கட்கிழமை வரை போக வேண்டும். இருமல் வந்தது. கையால் வயிற்றை அழுத்திக்கொண்டு இருமினார். எலுமிச்சம்பழம் உள்ளங்கையில் வந்து முட்டியது.

வாசலில் ஆட்டோ நின்றது. இறங்கியது அய்யாத்துரைதான். முன்னைக்கு இப்போது பாதியாக வற்றிப்போயிருந்தான். சட்டைக்குள் காற்று மட்டும் இருப்பதுபோல் தெரிந்தது. கையில் மஞ்சள் பை. "சாத்தூர் வெள்ளரிக்கா, மச்சான். பிஞ்சா பொறுக்கிட்டு வந்தேன். உங்க தங்கச்சிக்கு முட்டு வலி, வரமுடியல" என்று கட்டில் ஓரத்தில் உட்கார்ந்தான். "வாங்க மாப்ள" என்றார் பூவலிங்கம். வாய் தானாகச் சொன்னது. அய்யாத்துரை மிஷினைப் பார்த்தான். "என்ன மச்சான் இது, ரேடியோ மாதிரி மாட்டிருக்கீக? பாட்டு ஏதும் படிக்குமா?" "உறுமும். அவ்வளவுதான்." "அக்கா போதாதுன்னு இன்னொரு ஆளு வந்து உறுமுதா!" என்று சிரித்தான். குருவம்மாள் காபி கொண்டுவந்து, "ஆமா, நான் உறுமாமலா இந்த வீடு நடக்கு" என்று வைத்துவிட்டு கதவுநிலையில் சாய்ந்து நின்றாள். போகவில்லை. அய்யாத்துரை டம்ளரைக் கையில் உருட்டினான். குடிக்கவில்லை. ஆள் எதற்கோ தயாராகி வந்திருப்பது தெரிந்தது. பூவலிங்கம் நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்தார். "மச்சான்" என்றான் அய்யாத்துரை. "உங்களுக்கு இப்படின்னு அக்கா சொன்னதுல இருந்து எனக்கு மனசு சரியில்ல. நமக்குள்ள இத்தனை வருஷத்துல என் கையால, வாயால, ஏதாவது தப்பு நடந்திருந்தா மனசுல வச்சுக்கிடாதீக. ஏதாவது இருந்தா மன்னிச்சிருங்க."

ஏதாவது. பட்டை உறுமத் தொடங்கியது. பூவலிங்கம் கையைத் தொங்கப்போட்டார். வாயை மூடிக்கொண்டார். ஏதாவது என்றால் என்ன? கல்யாணப் பத்திரிகை வைக்க வருகிறவன்கூட ஏதாவது குறையிருந்தா மன்னிச்சிருங்க என்பான், ரயிலில் காலை மிதித்தவன் சொல்வான். முப்பது வருஷத்துக்கு ஏதாவதா? "எதுன்னு சொல்லுங்க மச்சான்" என்றான் அவன். "சொன்னா கேட்டுக்கிடுதேன். நான் படிக்காத பய, எனக்குத் தெரியாது. சொல்லுங்க." பட்டை எலும்பைப் பிடித்தது. பேசக் கூடாது. குருவம்மாள் நிலையில் நின்று இவரையே பார்த்தாள். சொல்லலாமே. இதோ வந்து உட்கார்ந்து கேட்கிறானே. ஆனால் கேட்டு வாங்குவதா அது? இன்ன தப்பு என்று நாமே எடுத்துக் கொடுத்து, அதை அவன் வாயால் திருப்பிச் சொல்ல வைத்து வாங்குவதா? அவனாக நினைத்திருக்க வேண்டும். ஒரு நாள் வயலில் நிற்கும்போதோ, பிள்ளையின் காதைப் பார்க்கும்போதோ, அடடா என்று தைத்திருக்க வேண்டும். தைக்காதவனிடம் என்ன வாங்குவது? இருந்தாலும் வயசாகிவிட்டது. குடல் இறங்கிவிட்டது. எப்படியாவது வரட்டும், எடுத்துக் கொடுத்தே வரட்டும். பட்டை மூச்சு விட்டு விட்டுத் தளர்ந்தது. "முத்துமாலைக்கு" என்றார் பூவலிங்கம். "முத்துமாலைக்குக் காது குத்துனமே, கோயில்ல."

அய்யாத்துரையின் முகம் மலர்ந்துவிட்டது. பாரம் இறங்கிய முகம். "அதை மறக்க முடியுமா மச்சான்! ராத்திரி வேலை பாத்துட்டு, அழுக்குச் சட்டையோட ஓடியாந்தீகளே! உங்க மடியில உக்காந்துக்கிட்டு என்ன கத்துக் கத்துனா! உங்க சட்டைப் பட்டனைப் பிச்சு எடுத்துட்டாள்ல? ஆசாரி, தாய்மாமன் கண்ணுலதான்டே தண்ணி வருதுன்னு கேலி பண்ணுனாரே. நேத்துக்கூட பேத்திகிட்டச் சொன்னேன், ஒங்கம்மாவுக்குக் காது குத்தும்போது அவளை விட மாமன்தான் ரொம்ப அழுதாருன்னு." சொல்லிச் சொல்லிச் சிரித்தான். பொய் சொல்கிற முகமில்லை. எப்போதோ, யார் வீட்டிலோ, வேறு எந்தப் பிள்ளைக்கோ நடந்ததெல்லாம் அவன் தலைக்குள் ஒன்றாகக் கலந்து, இவரைக் கொண்டுபோய் அந்த இடத்தில் உட்கார வைத்திருந்தது. பூவலிங்கம் குருவம்மாளைப் பார்த்தார். தட்டோடு கூட ஓடிவந்தவள் அவள்தானே. அவள் லேசாகத் தலையை ஆட்டினாள், வேண்டாம் என்று. ஒரு நிமிஷம் தொடையில் அந்தக் கனம் தெரிந்தது. வேர்த்த மொட்டைத்தலை, சந்தன வாசனை, பட்டனைப் பிடித்திருக்கும் பிஞ்சு விரல்கள். இத்தனை வருஷமாக அய்யாத்துரை இப்படியே நினைத்துக்கொண்டு இருந்திருக்கிறான். பேத்திக்கு வேறு சொல்லியிருக்கிறான். தந்துவிட்டோம் என்று நம்புகிறவனிடம் எப்படிக் கேட்பது? என் மடி இல்லை மாப்ள, சந்தனராஜ் மடி என்று சொன்னால் அவன் முகம் என்ன ஆகும்? ஆகட்டுமே. ஆகத்தானே வேண்டும். சொல்ல வாயெடுத்தார். எடுத்த வாய் களைத்துப்போய் நின்றது. "ஆமா" என்றார். "நல்லாத்தான் அழுதா." "வேற ஏதாவது இருக்கா மச்சான்?" "ஒண்ணுமில்ல மாப்ள. காபி ஆறுது, குடிங்க. சீனி போட மறந்திருப்பா." அய்யாத்துரை குடித்துவிட்டு, சீனி சரியாகத்தான் இருக்கிறது என்றான். மூன்று மணி பஸ்ஸைப் பிடிக்க வேண்டும் என்று எழுந்து, இவர் கையை மிஷினோடு சேர்த்துத் தொட்டுக்கொண்டான். திங்கட்கிழமை ஆஸ்பத்திரிக்கு வந்துவிடுவதாகச் சொன்னான்.

ஆட்டோ திரும்பிப் போகும் சத்தம் தெருமுனை வரைக்கும் கேட்டது. குருவம்மாள் டம்ளரை எடுக்க வந்தவள் கட்டில் ஓரத்தில், அவன் உட்கார்ந்திருந்த இடத்தில் உட்கார்ந்தாள். புது விரிப்பை நீவிவிட்டாள். "அவுகளுக்கே நினைப்பு இல்ல" என்றாள். திட்டுவதுபோல் இல்லை, கெஞ்சுவதுபோல் இருந்தது. "திங்கக்கிழமை நல்லபடியா முடியட்டும். நீங்களும் மறந்துருங்களேன்." பூவலிங்கம் ஜன்னலைப் பார்த்துக்கொண்டிருந்தார். வெளியே உயர்த்திக் கட்டிய வாசலில் வெயில் கிடந்தது. "நானும் மறந்துட்டா" என்றார், "அப்படி ஒண்ணு நடக்கவே இல்லன்னு ஆயிருமே, குருவு."